கரடி ஏன் கேபிள் காரில் ஏறியது

வெள்ளிக்கிழமைதோறும்
என் மகள் தெக்லேயின் பையில்
ஒரு படப்புத்தகம் வரும்.
கூடவே ஆசிரியை நானுலியின் துண்டுச்சீட்டு.
சீட்டை மனைவி படித்துச் சொல்வாள்.
இப்போது அவள் போலோன்யாவில்,
யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.
மாதக் கடைசியில் பணமும்
ஞாயிறுதோறும் செல்போனில் முகமும் வரும்.

சீட்டை நானே ஜன்னலருகே கொண்டுபோனேன்.
எங்கள் மொழியின் முப்பத்து மூன்று எழுத்தும்
திராட்சைக்கொடியின் சுருள்போல வளைந்தவை.
எனக்கு அவை ஓரிடத்தில் நிற்காது,
பார்க்கப் பார்க்க
ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.
பள்ளியில் இதற்கு மக்கு என்று பெயர்.
சியாத்துராவின் சுரங்கத்தில் பெயரே இல்லை,
அங்கே தோளும் தலைவிளக்கும் போதும்.

அரை மணி நேரம் எழுத்துக்கூட்டினேன்:
"எழுதப் பழக்க வேண்டாம். சேர்ந்து உட்காருங்கள்.
படங்களைப் பற்றிப் பேசுங்கள்.
கேள்வி கேட்டால்
பதிலைச் சீக்கிரம் சொல்லிவிடாதீர்கள்."
கடைசி வரி பிடித்திருந்தது.
சொல்ல என்னிடம் பதில் ஏது?

புத்தகத்தில் ஒரு கரடி, ஒரு குடை, ஒரு மரப்பாலம்.
கீழே இருந்த வரிகளை விட்டுவிட்டேன்.
கரடிக்கு இரவு ஷிப்ட், நேரமாகிவிட்டது,
பாலத்தில் பலகை உடைந்திருக்கிறது,
அதனால் கேபிள் காரில் ஏறுகிறது என்றேன்.
"கேபிள் கார் எங்கே?"
"படத்துக்கு மேலே. தாளுக்கு வெளியே போகிறது."
அவள் தாளின் விளிம்பையே வெகுநேரம் பார்த்தாள்.
"வேலைக்குப் போறதுக்குக் குடை எதுக்கு?
நிஜமா அது ஏன் ஏறிச்சு?"

வாய்வரை வந்ததை விழுங்கினேன்.
அடுப்பில் கெட்டில் கொதித்து அடங்கியது.
"அதோட அம்மா
மலைக்கு அந்தப் பக்கம் இருக்கா" என்றாள்.

பக்கத்தைப் புரட்டினேன். விரல் பட்ட இடமெல்லாம்
மாங்கனீசுக் கறுப்பு.
எத்தனை சோப்புக்கும் போகாத கறுப்பு.
துடைக்கத் துடைக்கப் பரவியது.
"விடுப்பா. கரடி நடந்த தடம் அது."

திங்களன்று அழுக்கான புத்தகத்தைத் திருப்பித் தரும்போது
அபராதம் எவ்வளவு என்று கேட்கத்தான் நின்றேன்.
நானுலி பக்கங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
வாசலில் பிள்ளைகள் பூட்ஸோடு குவிந்தார்கள்,
பேச்சு அங்கேயே நின்றுபோனது.

புதன்கிழமை ஒரு நீளச் சீட்டு.
சுரங்கத்தின் வாயில் வைத்து
குராம் சத்தமாகப் படித்தான்:
"வகுப்பில் தகராறு.
கரடி ஏன் ஏறியது என்பதற்குப்
பதினொரு பதில்கள் வந்திருக்கின்றன.
நாற்காலிகளுக்கு நடுவே நூல் கட்டியிருக்கிறார்கள்.
அட்டைப்பெட்டியில் எத்தனை கரடி ஏறலாம் என்று
எண்ணி எண்ணிச் சண்டை.
டிக்கெட் விலை மூன்று பொத்தான்.
கதை சொன்னவர் வியாழன் காலை வர முடியுமா?"
குராம் விளக்கை என் முகத்துக்குத் திருப்பினான்.
"ஷிப்ட்டை நான் பார்த்துக்கிறேன், போ."

அந்த நாற்காலிகள் என்ன உயரம்!
என் முழங்கால் காதுவரை வந்தது.
பதினெட்டு ஜோடிக் கண்கள்.
புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள்.
கழுத்தெல்லாம் வேர்த்தது.
"எனக்குப் படிக்க வராது" என்றேன்,
"பார்க்க வரும்."

தெக்லே தலை குனிந்தாள்.
முன்வரிசையில் மூக்கொழுகிய பையன்,
ராத்தியோ என்னவோ பெயர்,
"எனக்கும்" என்றான்.
நானுலி உடனே எதுவும் சொல்லவில்லை.

கதை தொடங்கியது. பெட்டியும் புறப்பட்டது.
பாதி வழியில் நூல் தொய்ந்து
கரடி அந்தரத்தில் நின்றது.
இருபது வருடமாக அந்தக் கம்பிகளில்
போய் வருகிறவன் நான்,
எங்கே இழுக்க வேண்டும் என்று தெரியும்.
கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

ஒருவன் ஊதிப் பார்த்தான்.
ஒருத்தி கரடியைக் குதிக்கச் சொன்னாள்.
தெக்லே எழுந்து, எல்லாரையும் சுற்றிக்கொண்டு,
அந்தப் பக்கத்து நாற்காலிக்குப் போய்
நூலின் மறுமுனையை
மெதுவாக இழுக்கத் தொடங்கினாள்.