பேனாக் கோடு

"தூக்காதீங்க" என்று கத்தினேன்.
ஓட்டோக்காரன் அதற்குள் கக்கத்தில் கை கொடுத்திருந்தான்.
நல்ல மனம்தான். நல்ல மனம் எத்தனை கழுத்தை
இரண்டாம் தடவை முறித்திருக்கிறது.

டொக்யாட் வீதி, இரவு பதினொன்றரை.
குறுக்கே வந்த மான் எழுந்து, உடம்பை உதறி,
குப்பைப் பக்கம் போய்விட்டது.
இவன் மல்லாந்து கிடந்தான்.
முழங்கைகளைத் தாரில் ஊன்றி
தலையை இரு உள்ளங்கையில் பிடித்தேன்.
வேலை முடிந்து வீடு போகிற தாதி நான்;
கொத்துரொட்டிப் பார்சலை எங்கே விட்டேனோ.

"ஆட்டாத. வாயால சொல்லு. பேர்?"
"அஸ்மீர். கிண்ணியா."
"கால் எங்க இருக்கு?"
யோசித்தான்.
"மடக்கி வச்சிருக்கன்."
கால்கள் நீட்டிக் கிடந்தன.

அம்புலன்ஸ் வர இருபத்தாறு நிமிடம்.
கொலர் பூட்டிய பின்னும் கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிரஷர் எண்பது, நாடி ஐம்பத்திரண்டு.
இரத்தம் போனவனுக்கு நாடி பறக்கும், பாதம் குளிரும்.
இவன் பாதம் அந்திநேரக் கடற்கரைக் கல்லின் சூட்டில்.
சேதி போகாத கால்.

டொக்டர் பிரியங்கிகா பஞ்சுக்குச்சியை முறித்து
முனையால் தொட்டுக்கொண்டே இறங்கினார்.
"குத்துதா? இங்க குத்துதா?"
தோளில் குத்தியது. முழங்கை மடங்கியது. விரல் மடங்கவில்லை.
காறையெலும்புக்கு இரண்டு விரல் கீழே
பதில் நின்றுபோனது.
அங்கே நீலப் பேனாவால் கோடு கீறி
பக்கத்தில் எழுதினேன்: 1.40.

ஒரே மூச்சில் எண்ணச் சொன்னோம். பதினேழு.
மறுபடி. பதினைந்து. பதினைந்து.
எதற்கென்று சொல்லவில்லை;
பரீட்சை என்று நினைத்துப் பாடுபட்டான்.

கடைசிச் சோதனையை யாரும் விரும்புவதில்லை.
மூன்று எண்ணி மரக்குற்றியைப் போலப் புரட்டினோம்,
நான் தலையில்.
கையுறை விரல், எல்லாரும் மறைக்கிற இடத்தில்.
முழுக்க அறுந்ததா, ஒரு நூலாவது மிச்சமா,
அங்கேதான் தெரியும்.
டொக்டர் கேட்க முதல் அவனே கத்தினான்:
"என்னடி செய்றீங்க!"
அதற்கு மேல் கிண்ணியாத் தூஷணம், இங்கே எழுத முடியாதது.
டொக்டருக்கு அதில் பாதி விளங்கியிருக்காது.
இன்னொருக்காச் சொல்லு என்றார்.

விடிய கண்டிக்கு ஏற்றும்போது
கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
"அக்கா, மானுக்கு என்ன?"
"போயிட்டுது."
"நடந்தா?"

கொலரின் பட்டியை
இன்னொருதரம் அழுத்திப் பார்த்தேன்.