சந்தேகமும் தேங்காய்ப்பாலும்

நிஷிவாகி நான்கு நாளாய்த் தின்றது:
வாழைப்பழம் பதினொன்று,
தானே உரித்த அவித்த முட்டை,
பெட்டியில் கொண்டுவந்த கடற்பாசித் தாள்.
தண்ணீர்ப் புட்டியைக்கூட
மூடி ‘டிக்’கென்று உடைகிறதா என
காதருகே வைத்துத்தான் திறப்பார்.

அனுப்பர்பாளையம் தாண்டி எங்கள் நிட்டிங் யூனிட்.
மூன்றாம் நம்பர் மெஷின் துணியில் கோடு விழுகிறதென்று
வரவழைத்த ஆள்.
ஊசிகளைக் கழற்றி
வெள்ளைத் துணியில் வரிசையாய்ப் படுக்கவைத்து
லென்ஸில் பார்ப்பவர்
சாம்பாரையும் அப்படித்தான் பார்த்தார்.

“ஏனுங்க, வந்த ஒறம்பற இப்படிக் காஞ்சு கெடந்தா
நமக்குத்தானுங்க கேவலம்” என்றார் முதலாளி.
பள்ளிபாளையம் சிக்கன் வந்தது.
மிளகாய் கிடந்த கிடப்பைக் கண்டு
கைகூப்பிவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை.
வருவதற்கு யோக்கியதை இல்லை.

போன வருஷம் வகயாமாவில்
பயிற்சிக்குப் போன ஆறு நாளும்
ஓட்டல் அறையைத் தாழிட்டுக்கொண்டு
கடைச் சோற்றில் வீட்டுப் பருப்புப்பொடி
பிசைந்து தின்றவள் நான்.
கடைசி நாள், இவரோடு வேலை பார்க்கும் அம்மாள்
சுடுசோற்றின் நடுவே குழி பறித்து
பச்சை முட்டையை உடைத்து ஊற்றி
என் பக்கம் நகர்த்தினாள்.
குழிக்குள்ளிருந்து அது
மஞ்சளாய் என்னையே பார்த்தது.
வயிறு சரியில்லை என்றேன்.
வயிறு நன்றாகத்தான் இருந்தது.
பசித்தது.
அவள் ஒன்றும் சொல்லாமல்
கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போன நிதானம் இருக்கிறதே,
அதை மட்டும் தின்றுவிட்டு
ஊர் திரும்பினேன்.

சனிக்கிழமை
நூல் லாரி பல்லடத்தில் நின்றுவிட
வேலையில்லாமல் கேண்டீன் பக்கம் வந்தார்.
சென்னியப்பன் சந்தகை பிழிந்துகொண்டிருந்தான்.
மூன்று கால், பித்தளை நாழி,
மேலே திருகு, இருபுறமும் கைப்பிடி.

நிஷிவாகி நின்றார்.
குனிந்தார்.
சட்டைப்பையிலிருந்து சின்ன அளவுகோலை எடுத்து
புரிக்கும் புரிக்கும் நடுவே வைத்தார்.
ஒரு புரி தேய்ந்திருப்பதை
விரலால் தொட்டுக் காட்டினார்.
“தெரியுமுங்க, ரெண்டு வருசமா
அந்த எடத்துல மக்கர் பண்ணுதுங்க” என்றான் சென்னியப்பன்,
தமிழ் தெரியாத ஆளிடம், தமிழில்.

இது என்ன என்று கேட்டார்.
‘சந்தகை’ என்றேன் போனிடம்.
போன் சற்று யோசித்து அவருக்கு ஏதோ சொன்னது.
அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்
திருப்பி வாங்கிப் படித்தேன்.
அதன் காதில் ‘சந்தேகம்’ என்று விழுந்திருக்கிறது.
இதன் பெயர் சந்தேகம்.
தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

விளக்கினேன். சிரித்தார்.
நான்கு நாளில் முதல்தடவை பல் தெரிந்தது.
கைப்பிடியைத் தரச்சொல்லிச் சைகை.
தேய்ந்த புரி வரும்போது
மூச்சைப் பிடித்து மெல்லக் கடத்தினார்.
வெள்ளை வெள்ளையாய் இழை இறங்கியது,
எங்கும் அறாமல்.

தான் பிழிந்ததில்
ஒரே ஒரு இழை எடுத்தார்.
தேங்காய்ப்பால் வேண்டாம், வெல்லம் வேண்டாம்.
அப்புறம் ஒரு பிடி.
அப்புறம் பையிலிருந்து குட்டிப் பொட்டலத்தைக் கிழித்து
கறுப்பாய் என்னவோ ஊற்றி, கிளறி,
தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

அதே நகர்த்தல்.

பொட்டலத்தின் முதுகில் பொடிப்பொடி எழுத்து.
மீனாக இருக்கலாம்.
எதுவாகவும் இருக்கலாம்.
போனை எடுக்கப் போன கையைத்
துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

உப்பு. அதன் அடியில் கொஞ்சம் புகை.
பிரமாதம் என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
வாய் நிறையச் சந்தேகத்தோடு
இன்னொரு பிடி எடுத்தேன்.

சென்னியப்பன் விரல்நுனியில் தொட்டு
நக்கிப் பார்த்தான்.
என் காதருகே வந்து, குரலை இறக்கி,
“அக்கா, இது கெட்டுப்போனதுங்களா?” என்றான்.