ஒன்றரை மில்லி

ஹம்டன் லேன் முனை மருந்துக்கடையில்
நஸ்மி ஒரு குளிசையை
ஐம்பது மில்லி தண்ணீரில் கரைத்துத் தருகிறார்.
"படுக்கப் போகேக்க ஒன்றரை.
கூட எடுத்தா கூடச் சுகமெண்டு நினையாதேங்கோ."

ஊசியில்லாத சிரிஞ்சின் கோடுகளை
கண்ணாடி போட்டு எண்ணுகிறேன்.

இதே குளிசையைத்தான்
நிமலேந்திரன் அண்ணனுக்கு
முழுசாய்க் கொடுத்தார்கள், குடி மறக்க.
பதினொரு நாள் விழுங்கினான்.
பன்னிரண்டாம் நாள்
தெகிவளைப் பாலத்தடியிலிருந்து
தூக்கி வந்தோம்.
மிச்சம் பதினேழும்
திகதி முடிந்த பிறகும் அலுமாரியில் கிடந்தன.

என் உடம்புக்கும் அவன் குணம்.
வெளியில் ஒருத்தரோடும் சண்டையில்லை,
வீட்டாட்களைத்தான் அடிக்கும்.
சொந்த விரல் மூட்டைக் கள்ளனென்று பிடித்து
விடிய விடியச் சாத்தும்.

டொக்டர் விதானகே
"சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேளாது" என்று
பாதியைச் சிங்களத்தில் சொன்னார்,
பாதியைத் தோளால்.
கிளினிக் கொப்பியில் எழுதியதை
நானும் வாசிக்கவில்லை, நஸ்மியும்
கனநேரம் பார்த்தார்.

மூன்றாம் மாதம்.
முதல் ரயில் கடலோரம் போக
பிரிட்ஜுக்குள் போத்தல் கிணுங்குகிறது.
கிறில் கேற்றுப் பூட்டைத் திறந்த பிறகுதான் கண்டேன்,
மற்றக் கையை உதவிக்குக் கூப்பிடவில்லை.
மருந்தோ,
மழை விட்டதாலோ.

இரவு அண்ணன் கோல் எடுத்தான்.
குரலில் சாராயம்.
"கை எப்பிடியடி?"
போனைப் பிடித்திருந்த கையைப்
பார்த்தேன்.
"கொஞ்சம்" என்றேன்.