நடுவில் கிடந்தது

முழங்காலுக்கடியில் தலையணை வை
என்றாள் ஃபாரிடா, ஆஸ்பத்திரியில்.
வைத்தேன்.
முதுகு மெத்தையில் இறங்குகிறது
பட்டர்வொர்த் துறையில் ஃபெர்ரி அணைவதுபோல:
இடித்து, விலகி,
மறுபடி இடித்து.

பதினொரு வருஷம் பாயான் லெப்பாஸில்
பெட்டி தூக்கிய இடுப்பு
உடனே நம்பிவிடுமா?

வீட்டில் நீளத் தலையணை ஒன்றுதான்.
எங்களுக்கு நடுவில் கிடந்தது.
அதைத்தான் எடுத்தேன்.

மல்லாந்து படுத்தவளுக்குத்
திரும்பிக்கொள்ளச் சுவர் இல்லை.
உத்தரத்தில் ஒழுகல் கறை.
மேல்வீட்டு ஆ சூன்
இந்நேரத்துக்கு நாற்காலி இழுக்கிறார்.

வலி போகவில்லை;
இடப்பக்கம், இருபது காசளவு.

"காற்றாடியைக் குறைக்கட்டுமா?"
இருட்டில் கதிர்வேலன் குரல்
மேலே பார்த்து வருகிறது.

அவரும்
மல்லாந்துதான் கிடக்கிறார்போல.

வேண்டாம் என்றேன்.
பிறகு,
கொஞ்சம் குறைங்க.