நூற்றில் எத்தனை

கண்ணை மூடிக்கொண்டு மூட்டைக்குள் கை விட்டு
நூறு கொட்டை எடுப்பேன்.
ஒவ்வொன்றாய் உடைத்து, பருப்பைக் கத்தியால் இரண்டாக்கி,
வெள்ளையா புள்ளியா என்று பார்ப்பது என் வேலை.
ஸுக்திதி சாலையில், மூடிப்போன பெட்ரோல் பங்க்குக்கு எதிரே,
ஹேசல் கொட்டை வாங்கும் கொட்டகையில்
பதினோரு வருஷமாய் இதே மேசை.
முன்பெல்லாம் நூற்றுக்கு மூன்று கெட்டிருக்கும், நாலு கெட்டிருக்கும்.
அதற்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

பிறகு அந்தப் பூச்சி வந்தது.
சரக்குப் பெட்டியில் வந்தது என்றார்கள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன் அனுப்பியது என்றான் குச்சா.
அந்தப் பக்கத்திலும் இப்படியேதான் பேசிக்கொள்கிறார்களாம்.
எங்குரிப் பாலத்தில் மனிதரிடம்தான் காகிதம் கேட்கிறார்கள்.

ஓடு பாலாய் இருக்கும்போதே ஊசி மூக்கை இறக்கிவிடும்.
துளை தெரியாது.
கொட்டை வெளியே பளபளவென்று முற்றும்.

இரவில் மருந்து வண்டி வரும்.
ஜன்னலைச் சாத்து, தேன்பெட்டியை மூடு என்று
போனில் செய்தி வரும், வண்டி போன பிறகு.

குளிர் தொடங்கியதும் வீட்டுக்குள் வந்துவிடும்:
திரைச்சீலை மடிப்பில்,
புனித ஜார்ஜ் படத்துக்குப் பின்னால்,
போலந்தில் லாரி ஓட்டுகிற என் புருஷன்
ஆணியில் விட்டுப்போன கோட்டில்.
உதறினேன். நாற்பத்திரண்டு.
எண்ணுகிற கை சும்மா இருக்காது.

நசுக்கினால் கொத்தமல்லி வாசம்.
லோபியோவில் கை நிறையக் கொத்தமல்லி போடாவிட்டால்
பானையைத் திருப்பி அனுப்புகிற ஊர் இது.
இப்போது தழையைக் கிள்ளினாலே
என் மகள் முதலில் சுவரைப் பார்க்கிறாள்.

நேற்று நாஸிப்ரோலா வந்தாள்,
மச்சினன் மினிபஸ்ஸில் ஒரே ஒரு மூட்டையோடு.
மூன்று ராத்திரி உட்கார்ந்து கையால் பொறுக்கியதாம்.
நான் வெட்ட வெட்ட
என் முகத்தைப் பார்க்காமல் கத்தியையே பார்த்தாள்.
நாற்பத்தாறு.
"இன்னொரு நூறு எடு."
எடுத்தேன். ஐம்பத்தொன்று.
மூன்றாவது நூறை அவள் கேட்கவில்லை.
வெள்ளையாய்க் கிடந்த ஒரு பாதியை எடுத்து மென்றாள்.
"ருசி மாறலையே" என்றாள்,
நான் மாற்றினேன் என்று சொன்னதுபோல.

இருவருமாய் மூட்டையைத் தூக்கித் திரும்ப வண்டியில் ஏற்றினோம்.
கனம் அப்படியேதான் இருந்தது.

காலியான தராசுத் தட்டில் ஒன்று நடந்துகொண்டிருந்தது.
கேடயம்போல் முதுகு, வெள்ளைப் பட்டை போட்ட மீசை.
இங்கேயே பிறந்ததுபோல் அவ்வளவு நிதானம்.
இங்கேதானே பிறந்தது.

நான் கட்டைவிரலைக் கொண்டுபோனேன்.
"விடு" என்றாள் நாஸிப்ரோலா.
"ராத்திரி லோபியோ வைக்கணுமில்லையா,
கை நாறும்."