கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன்

பதினைந்து வருஷம் நான் கத்திய சொல் அது:
"மத்ஹஃப்! மத்ஹஃப்! இன்னும் ஒரு ஆள்!"
அகராதியில் அருங்காட்சியகம் என்று இருக்கும்.
பெய்ரூத்தில் அப்போது
இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது என்று பொருள்.
போய்த் திரும்புவது என்று
பொருள் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.
அந்தத் தூண்களை நான் தூண்களாகப் பார்த்ததேயில்லை.
அங்கே வந்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்க வேண்டும்,
அவ்வளவுதான் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை
பின் சீட்டில் ஒரு மூக்குக்கண்ணாடி.
சற்றுமுன் இறங்கிய அம்மாளுடையது.
வண்டியைக் கண்ட இடத்தில் விட்டுவிட்டு ஓடினேன்.
"கண்ணாடி கொடுக்கத்தான்" என்றேன்.
"அதற்கும் டிக்கெட்தான்" என்றான் காவலாளி.

எழுபத்திரண்டு வயதில்
முதல் முறையாக மத்ஹஃபுக்குள் நிஷான்.

தூக்க முடியாத சிலைகளைச் சுற்றி
சண்டைக் காலத்தில் சிமெண்ட் ஊற்றி மூடினார்களாம்.
வழிகாட்டிப் பெண் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
எங்கள் தெருவைச் சுற்றி யாரும் எதையும் ஊற்றவில்லை.
நாங்கள் தூக்க முடிந்தவர்கள்,
ஆகவே தூக்கிக்கொண்டு ஓடினோம்:
மெத்தை, தையல் மெஷின்,
கூண்டோடு ஒரு மஞ்சள் குருவி.

ஒரு ராஜாவின் கல் பெட்டி.
திறப்பவனின் செங்கோல் முறியட்டும்,
ஊரைவிட்டு அமைதி ஓடட்டும் என்று
விளிம்பில் சாபம் வெட்டியிருக்கிறதாம்.
யாரோ எப்போதோ திறந்திருக்கிறார்கள்.
"சரி, காரணம் தெரிந்துவிட்டது" என்றேன்.
காவலாளி சிரிக்கவில்லை.

மாடியில், கண்ணாடிக்குப் பின்னால்,
பொன் பூசிய குட்டி வெண்கல ஆட்கள்.
நெட்டைத் தொப்பி, முன்வைத்த ஒரு கால்.
டாக்ஸிக்கு நிற்கிறவர்களின் நிற்பு அது,
எனக்குத் தெரியாதா?
ஐந்து பேர்தான் ஏற்றுவேன் என்று
வாய்வரை வந்துவிட்டது.

பிறகு அந்தக் கல்கோலம்.
பொடிப்பொடிக் கற்களில் ஒரு மேய்ப்பன், சுற்றிலும் மிருகங்கள்.
கீழ் மூலையில் ஒரு துளை.
குறிபார்ப்பவன் ஒருவன் குடைந்தானாம்,
சாலை தெரிவதற்காக.

சாலை.
வெள்ளை மெர்சிடிஸ், வலது கதவு மட்டும் பச்சை.
வாரத்தில் ஆறு நாள், நாளில் நான்கு தடவை.
கணக்குப் போட்டேன்,
பாதியில் நிறுத்தினேன்.
அத்தனை தடவையும் என்னை ஒருவன் பார்த்திருக்கிறான்.
அத்தனை தடவையும் என்னை விட்டிருக்கிறான்.
இரக்கமா, சோம்பலா,
தேநீர் ஆறிப்போகும் என்ற அவசரமா?
என் பச்சைக் கதவு அவனுக்குச் சிரிப்பாக இருந்ததா?
சுடாத குண்டுகளை எந்த அலமாரியிலும் வைக்கவில்லை.
வைத்திருந்தால்
அந்த அறை முழுக்க என் பெயர்தான்.
முன்னால் போன ரஃபீக்கின் வண்டிக்கு
வேறு அறை.

"ஐயா, அந்த மூலையில் கறுப்பாக இருப்பது என்ன, பூவா?"

அந்த அம்மாள்தான்.
கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
கண்ணாடியை நீட்டினேன்.
மாட்டிக்கொண்டாள். குனிந்தாள்.
நன்றி சொல்ல வாயெடுத்தவள்
சொல்லாமலே நின்றாள்.
நான் படியிறங்கிவிட்டேன்.

வெளியே, வைப்பருக்கு அடியில்
ஒரு அபராதச் சீட்டு.
காரணம்: இங்கே நிறுத்தக் கூடாது.
அது எனக்கு எப்போதோ தெரியும்.
இடம் என்ற கட்டத்தில்
கோணல் கையெழுத்தில்
மத்ஹஃப்.