பதினெட்டுக் குதிரை

டிராக்டரின் மூக்கில் பதினெட்டு என்று எழுதியிருந்தது.
எடுத்த சீட்டுப் பணம் முழுதும் அதன் வயிற்றுக்குள்.
ரோட்டவேட்டருக்கு மிச்சமில்லை,
கொழுந்தனார் உடையப்பனிடம் இரவல் கேட்டேன்.
ஐந்தடி அகலம்,
நாற்பத்தைந்து குதிரை வண்டிக்குப் பின்னால் ஓடிப் பழகியது.
"அகலமா இருந்தா சீக்கிரம் முடியும்" என்றார்,
பந்திப் பாய்க்குச் சொல்வதுபோல.

பள்ளத்தூரில், பூட்டிய வீடொன்றின் பின்னால்
முப்பது சென்ட் குத்தகை எனக்கு.
மேலே செம்மண், நாலு விரல் கீழே சரளை.
முதலில் சுவருக்கு வெளியே, பொட்டலில் இறக்கிப் பார்த்தேன்.
கத்திகள் மண்ணைத் தொட்டன.
கறுப்பாய் ஒரு புகை,
பிறகு ஒரு விக்கல்,
அப்புறம் சத்தமே இல்லை.
எதிர்த்த வீட்டு ஆடு மட்டும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

புதுவயலிலிருந்து ஜெபமாலை வந்தார்,
ஸ்பானரைத் தோளில் துண்டுபோலப் போட்டுக்கொண்டு.
"மூக்குல எழுதினதைப் படிச்சீங்க.
வாலுக்கு எவ்வளவு வருதுன்னு கேட்டீங்களா?"

வாலுக்கு வருவது பதினைந்தாம்.
மீதி மூன்றை வழியில் கியரும் பம்பும் தின்றுவிடுமாம்.
எனக்கு அது புதிதில்லை,
ரைஸ் மில்லில் கணக்கெழுதுகிறவள்:
நூறு கிலோ நெல்லுக்கு நூறு கிலோ அரிசி
எந்த மில்லில் வந்தது?

"அடிக்கு நாலு குதிரை போதும், வண்டல்னா.
உங்க சரளைக்கு அஞ்சு."
பதினைந்தை ஐந்தால் வகுக்க
எனக்குப் பேனா வேண்டியிருக்கவில்லை.
மூன்றடி.
கம்மல் ஒரு ஜோடி.

ஆனால் டயரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு
முப்பத்தெட்டு அங்குலம்.
கலப்பைக்கு முப்பத்தாறு.
இருபக்கமும் ஒவ்வோர் அங்குலம்
உழுத மண்ணை ஓரமாய் மிதித்துக்கொண்டே போகும் வண்டி,
துடைத்த தரையில்
ஈரக்காலோடு நடப்பவனைப்போல.

நாலடி வாங்கியிருந்தால் தடம் மறையும்;
பின்வாசல் கல்தூண்களுக்கு நடுவே
நாற்பத்தைந்து அங்குலம்தான்.
தூணைத் தட்டிப் பார்த்தார் ஜெபமாலை.
தூண் எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் போல்ட்டுகளைக் கழற்றி
கலப்பையை மூன்றங்குலம் வலப்பக்கம் தள்ளி மாட்டினார்.
வலது தடம் முழுதும் மறைந்தது.
இடது டயர் ஓரத்தில் நாலங்குலம் தப்பியது,
அதை அடுத்த சுற்று பார்த்துக்கொள்ளும்.
"சுவர் எப்பவும் உங்க வலது கைக்கு இருக்கணும்.
முதல் தடவை மூணு அங்குல ஆழம், அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.
ரெண்டாம் தடவை மிச்சம்."

தாழ்ந்த கியரில்,
சுவரை வலப்பக்கம் வைத்து,
உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
சரளை இரும்பில் பட்டுப் பொரிந்தது.
ஒருமுறை மட்டும் இஞ்சின் குரல் கம்மியது.
லிவரை ஒரு விரல் தூக்கினேன், தெளிந்தது.
ஊர் எல்லை அய்யனாரின் மண் குதிரைகளில்
ஒன்றையும் கூப்பிடவில்லை.

இருட்டுவதற்குள் முடிந்தது.
தோட்டத்தின் நட்ட நடுவில்
கடைசிச் சுற்றின் இடது தடம் மட்டும்
நாலங்குல அகலத்தில், டயர்ப் பல்லோடு.
அதன்மேல் இன்னொரு சுற்று ஓட்டினால்
தள்ளி இன்னொரு தடம் விழும்.

மண்வெட்டி எடுத்துக் கொத்தினேன்.
அதற்கு எத்தனை குதிரை என்று
யாரும் கேட்கவில்லை.